சருகைக் கூட்டாத மூலை: வீட்டுக் கொல்லையில் குளிர்காலப் பறவைகளைப் பார்ப்பதும் படமெடுப்பதும்

குளிர்காலத்தில் நம் தோட்டங்களுக்கு வரும் பறவைகளைப் படமெடுக்க விரும்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கேமராவைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்காதீர்கள் என்பதுதான். பறவை தினமும் எங்கே வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, வந்தால் எந்தக் கிளையில் உட்காருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அது வருவதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். பின்தொடர்ந்து போனால் படத்தில் முதுகும் வாலும்தான் விழும்.

குளிர்காலப் பறவைகளிடம் இந்த முறை பலிப்பதற்குக் காரணம் உண்டு. இமயமலையிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருகிறவை இங்கே கூடு கட்டுவதில்லை, குஞ்சு பொரிப்பதில்லை. இரை தேடி உடம்பைத் தேற்றிக்கொண்டு ஊர் திரும்புவது ஒன்றே அவற்றின் வேலை. இரையும் மறைவும் உள்ள ஒரு துண்டு நிலம் கிடைத்துவிட்டால், பங்குனி வரை அதை விட்டு நகர மனம் வராது. பழுப்புக் கீச்சான் போன்றவை தங்கள் இடத்துக்குள் இன்னொரு கீச்சானை நுழையவும் விடுவதில்லை. காலில் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள், அதே பறவை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே இடத்துக்கு வருவதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு பருவத்தில் நீங்கள் கற்றுக்கொண்டது அடுத்த பருவத்துக்கும் உதவும்.

எங்கள் வீடு மயிலாடுதுறைக்குக் கிழக்கே, பாசன வாய்க்கால் ஒன்றின் கரையில் இருக்கிறது. கொல்லையில் இரண்டு மாமரம், ஒரு பலா, ஒரு முருங்கை, கிணற்றடியில் வாழையும் செம்பருத்தியும், வேலியில் நொச்சியும் கல்யாண முருங்கையும், கடைசியில் மூங்கில் புதர். டெல்டாவில் பல வீடுகளில் இருக்கும் கொல்லைதான். இங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் அரை நாளுக்குள் கோடியக்கரைக்குப் போய்விடலாம். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் நெடுங்காலமாக வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டுவரும் இடமும் அதுதான். அந்தக் கடற்கரையை நோக்கி வரும் பறவைகளில் சில வழியில் எங்கள் கொல்லையிலும் இறங்குகின்றன. சில பருவம் முழுவதும் தங்கிவிடுகின்றன.

எந்த மாதத்தில் எது வரும்

முதலில் வருபவை கீச்சானும் நாணல் கதிர்க்குருவியும். செப்டம்பரிலேயே இரண்டின் குரலும் கேட்டுவிடும்.

பழுப்புக் கீச்சானை அடையாளம் காண்பது எளிது. மைனாவைவிடச் சிறியது, முதுகு பழுப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வேலிக் கம்பத்தின் நுனி, துணி உலர்த்தும் கம்பி, முருங்கையின் பட்டுப்போன கொம்பு என்று வெட்டவெளியில்தான் உட்காரும். தரையில் வெட்டுக்கிளி அசைந்தால் சட்டென்று இறங்கி எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் அதே கொம்புக்குத் திரும்பிவிடும்.

பிளித் நாணல் கதிர்க்குருவியைக் கண்ணால் தேடிப் பயனில்லை. உடம்பெல்லாம் ஒரே மங்கிய பழுப்பு, கோடில்லை, புள்ளியில்லை. செம்பருத்திப் புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல ‘டக்... டக்...’ என்று கேட்டால் அதுதான். காலையில் தொடங்கி நாள் முழுவதும் விட்டு விட்டுக் கேட்கும். சுமார் 12 கிராம் எடையுள்ள இந்தப் பறவையினம் பின்லாந்துப் பக்கத்திலிருந்து சைபீரியா வரை பரந்த நிலத்தில் கூடு கட்டுகிறது. அங்கிருந்து புறப்பட்டு எங்கள் கிணற்றடிச் செம்பருத்தியைத் தேடி வருகிறது என்று நினைக்கும்போதெல்லாம் அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது.

அக்டோபரில் கூட்டம் சேரும். ஆறுமணிக்குருவி, ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான், அரசவால் ஈப்பிடிப்பான், மாங்குயில், கொடிக்கால் வாலாட்டி எல்லாம் அப்போதுதான். இவற்றில் கொடிக்கால் வாலாட்டியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மற்ற வாலாட்டிகள் நீர்க்கரையிலும் வெட்டவெளியிலும் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மர நிழலில் சருகின் மேல் நடந்துகொண்டு உடம்பையே பக்கவாட்டில் அசைக்கும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். நிழலில் நின்றால் கண்ணுக்குத் தெரியாது; அந்த அசைவுதான் காட்டிக்கொடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படமெடுப்பது சிரமம். ஆனால் பார்ப்பதற்கு நல்ல காலம். இரவு முழுவதும் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த காலையில் கட்டாயம் கொல்லையை ஒரு சுற்றுப் பாருங்கள். இவற்றில் பல இரவில்தான் பறக்கின்றன. மழையில் அகப்பட்டுக் களைத்தவை கிடைத்த மரத்தில் இறங்கிவிடும். பலா மரத்தடியில் நான் செந்தலைப் பூங்குருவியைப் பார்த்தது அப்படி ஒரு காலையில்தான். நாள் ஒன்று தங்கிப் போய்விட்டது.

மார்கழியும் தையும் மாசியும் படத்துக்கு உரிய மாதங்கள். மழை விட்டிருக்கும், வெயில் சாய்ந்து விழும், பறவைகளும் வீட்டு மனிதர்களுக்குப் பழகியிருக்கும். மாசியில் கல்யாண முருங்கை இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும்போது தேனுக்கு மைனாக்களும் கரிச்சான்களும் வந்து குவியும். மத்திய ஆசியாவிலிருந்து வரும் சூறைக்குருவிகளும் சில ஆண்டுகளில் கூட்டமாக இறங்கும். இளஞ்சிவப்பு உடம்பு, கறுத்த தலை. ஒரு மரத்தில் அவை இருக்கும்போது அடுத்த வீட்டில் பேசுவது காதில் விழாது.

கொல்லையைத் தயார் செய்வது

என் மாமியாருக்கு விடிந்ததும் கொல்லையைக் கூட்டிப் பெருக்கி, சருகைக் குவித்து நெருப்பு வைத்தால்தான் நிம்மதி. சருகை விட்டுவிடலாம் அத்தை என்று நான் கேட்டபோது, பாம்பு அடையும், பூரான் வரும் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே வீட்டை ஒட்டிய பாதி வழக்கம்போல் கூட்டப்படுகிறது. கிணற்றுக்கு அப்பால் பலாவும் மூங்கிலும் உள்ள மூலை மட்டும் புரட்டாசியிலிருந்து பங்குனி வரை கூட்டப்படுவதில்லை. அங்கே யாரும் செருப்பில்லாமல் போவதில்லை. அந்தி சாய்ந்தபின் டார்ச் இல்லாமல் போவதில்லை. இப்போது அந்த மூலையில் சருகு புரளும் சத்தம் கேட்டால் என்னைக் கூப்பிடுகிறவர் அவர்தான். அவர் காது என் காதைவிடக் கூர்மை.

அந்த மூலைதான் முக்கியம். சருகுக்கு அடியில் ஈரம் நிற்கும். ஈரத்தில் மண்புழுவும் வண்டும் கறையானும் இருக்கும். ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் பூங்குருவியும் அவற்றுக்காகத்தான் வருகின்றன. சுத்தமாகப் பெருக்கிய மண்ணில் அவற்றுக்கு ஒன்றும் இல்லை.

இதே காரணத்தால்தான் அரிசியும் கம்பும் தூவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் தோட்டத்துக்கு வரும் குளிர்கால விருந்தாளிகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. தானியம் தூவினால் காக்கை, புறா, மைனா கூடும். கூட்டம் கூடினால் கூச்சமுள்ள பறவைகள் ஒதுங்கிவிடும். தானியத்துக்குச் செலவழிப்பதைவிட, பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துவது அதிக பலன் தரும். எங்கள் மாமரத்துக்கும் கத்தரிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசலோடு சரி. பழத்துக்கு வேண்டுமானால், பப்பாளியில் உச்சிக் காய் இரண்டை மரத்திலேயே பழுக்க விடுங்கள். மாங்குயிலும் குக்குறுவானும் குயிலும் கொண்டைக்குருவியும் முறைபோட்டு வரும்.

அடுத்தது தண்ணீர். மழை நின்று வாய்க்காலில் நீர் குறையத் தொடங்கும் தை மாதத்திலிருந்து, தீனியைவிடத் தண்ணீர்தான் பறவையை இழுக்கும். ஓர் அடிக்கு மேல் அகலமுள்ள மண் தட்டு போதும். ஓரத்தில் விரல் கணு நனையும் ஆழம், நடுவில் 4 செ.மீ.க்கு மேல் வேண்டாம். வழுவழுப்பான பீங்கானில் கால் வழுக்கும். மண்ணும் கருங்கல்லும்தான் பிடிப்புத் தரும். நடுவில் நீருக்கு மேல் தலை நீட்டும்படி ஒரு கல் வையுங்கள். தட்டு தரையில், புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருக்க வேண்டும். ஒட்டி வைத்தால் பூனை பதுங்க வசதி. மிகத் தள்ளி வைத்தால் பறவை இறங்கப் பயப்படும். தட்டுக்கு மேலே எட்டிப் பறந்து ஏறிக்கொள்ள ஒரு தாழ்ந்த கிளை இருந்தால் மிகவும் நல்லது.

தட்டின் மேல் சொட்டுநீர் ஏற்பாடு ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலின் அடியில் சூடேற்றிய ஊசியால் ஒரு துளை. தண்ணீர் நிரப்பிக் கிளையில் மூன்றடி உயரத்தில் தொங்கவிடுங்கள். மூடியை இறுக்கினால் சொட்டு நிற்கும். மெல்லத் தளர்த்தினால் விழத் தொடங்கும். இரண்டு வினாடிக்கு ஒரு சொட்டு என்ற அளவில் விட்டுவிடுங்கள். அசையாமல் கிடக்கும் நீரைக் கவனிக்காமல் தாண்டிப் போகும் பறவைகூட, சொட்டுச் சத்தத்துக்கும் நீரில் பரவும் வளையத்துக்கும் நின்று பார்க்கும்.

தட்டைத் தினமும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி நீரை மாற்ற வேண்டும். பாசி பிடித்தால் நோய் பரவும். தினமும் மாற்றினால் கொசுப்புழு வளரவும் நேரமிருக்காது. எங்கள் வீட்டில் இது மகளின் வேலை. பள்ளிக்குக் கிளம்பும் முன் முடித்துவிடுவாள்.

வீட்டில் வளர்க்கும் பூனையை விடியற்காலையிலும் மாலையிலும் உள்ளே வையுங்கள். கொல்லை விளக்கை இரவு முழுவதும் எரியவிடாதீர்கள்; இரவில் பறப்பவற்றை வெளிச்சம் குழப்பும். பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடியில் தெரியும் மரத்தை உண்மையென்று நம்பி மோதுகிறவற்றில் ஆறுமணிக்குருவி அதிகம். கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைப் பட்டைகளோ புள்ளிகளோ ஒட்டினால் மோதல் பெரிதும் குறையும். உள்ளே திரை போடுவது மட்டும் போதாது.

மோதி விழுந்த பறவை உயிரோடு இருந்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊட்டாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் கொல்லையிலேயே பெட்டியைத் திறந்துவிட வேண்டும். சிறகு தொங்கினாலோ தெளியாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளர்க்க ஆசைப்படக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கேமராவுக்கு முன் கண்ணும் காதும்

முதல் இரண்டு வாரம் கேமராவைத் தொடாதீர்கள். ஒரு நாற்காலி, ஒரு பைனாகுலர், ஒரு பேனா போதும். பைனாகுலர் வாங்குவதானால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மி.மீ. முன்கண்ணாடி மர நிழலிலும் போதிய ஒளியை உள்ளே வாங்கும். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று விற்பவற்றை நம்பி வாங்கினால் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகிவிடும். கொல்லையின் குறுகிய தூரத்துக்கு அவை வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

எங்கள் சமையலறையில் மாத நாட்காட்டி தொங்குகிறது. யார் எதைப் பார்த்தாலும் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதிவிட வேண்டும்: ‘கீச்சான், துணிக்கம்பி, 7.10’. இவ்வளவு போதும். இரண்டு வாரத்தில் அந்தக் கட்டங்களைச் சேர்த்துப் படித்தால் கீச்சானின் தினசரி ஓட்டம் முழுவதும் தெரிந்துவிடும். காலையில் துணிக்கம்பி, வெயில் ஏறினால் நொச்சி வேலி, நான்கு மணிக்கு மேல் முருங்கைக் கொம்பு. படத்துக்கு வேண்டிய தகவல் அவ்வளவுதான்.

காதுக்கு இன்னும் ஒரு பாடம் உண்டு. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே இடத்தைப் பார்த்து ஓயாமல் கத்தினால் அங்கே பாம்போ பூனையோ ஆந்தையோ இருக்கிறது. திடீரென்று எல்லாக் குரலும் அடங்கினால் வல்லூறு வந்திருக்கிறது. அப்போது பத்து நிமிடம் எதுவும் வெளியே வராது. நீங்களும் டீ குடித்துவிட்டு வரலாம். மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கின்றன. தொடக்கத்தில் நல்ல துணை. ஆனால் செயலி சொன்ன பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே நாட்காட்டியில் எழுதுவது என்று எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம்.

உட்காரும் இடமும் கேமராவும்

எனக்குப் பிடித்த மறைவிடம் தாழ்வாரத்து ஜன்னல். பழைய மங்கிய பச்சைச் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல் விட்டிருக்கிறேன். காற்றில் சேலை படபடக்காமல் கீழ்விளிம்பில் கல் கட்டிவிட வேண்டும். ஜன்னல் விளிம்பில் நெல் நிரப்பிய துணிப்பையை வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் முக்காலி தேவையில்லை. பை லென்ஸின் வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும். எந்தப் பக்கமும் திருப்பலாம்.

வெட்டவெளியில் உட்காருவதானால் மங்கிய நிற உடை, அசைவில்லாத கை. பறவைக்கு நேராக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உறுத்துப் பார்க்காதீர்கள்.

கருவி விஷயத்தில் நீளமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 300 மி.மீ. வரை போகும் லென்ஸும் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவும் கொல்லைக்குத் தாராளம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஐந்து மீட்டர் தூரத்தில் சட்டத்தின் அகலத்துக்குள் சுமார் 40 செ.மீ. விழும். ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானின் நீளம் 13 செ.மீ. என்றால் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. வேறென்ன வேண்டும்? பழைய லென்ஸ், இரண்டாம் கை கேமரா எதுவானாலும் பரவாயில்லை. லென்ஸைக் கழற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள கேமராவும் நல்ல வெயிலில் ஏமாற்றாது. கைப்பேசி மட்டும் உள்ளவர்கள் தண்ணீர்த் தட்டின் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்து வீடியோ ஓடவிட்டு நகர்ந்துவிடலாம். ஆளில்லாத இடத்துக்குப் பறவை தயங்காமல் இறங்கும்.

பறவை உட்காரும் கிளையை நாமே நட்டு வைக்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பட்டை உரியாத, இயல்பாக வளைந்த ஒரு காய்ந்த கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலிலிருந்து ஐந்து மீட்டரில், பின்னால் உள்ள வேலி கொம்பிலிருந்து இன்னும் ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கும்படி நடுங்கள். பின்னணி தள்ளிப்போகப் போக அது ஒரே பச்சையாகக் கரைந்து, பறவை மட்டும் எழுந்து நிற்கும். காலைப் படத்துக்கு ஜன்னல் கிழக்கே, கொம்பு அதற்கு மேற்கே இருக்க வேண்டும்; வெயில் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து பறவையின் முகத்தில் விழும். நட்ட கொம்பைக் கீச்சான் ஏற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும். அதன் பழைய இருக்கைக்குப் பக்கத்தில் நட்டால் விரைவில் மாறிவிடும்.

லென்ஸின் ஒளித்துளை எஃப் 5.6 அளவில் இருக்கும்போது, ஐந்து மீட்டர் தூரத்தில், 300 மி.மீ. லென்ஸ் கூர்மையாகக் காட்டும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ.தான். பறவை பக்கவாட்டில் நின்றால் முழு உடம்பும் தெளிவாக விழும். நேராக உங்களைப் பார்த்து நின்றால் அலகு முதல் வால் வரை எல்லாம் கூர்மையாக இருக்க வழியில்லை. ஆகவே ஒற்றைப் புள்ளிக் குவியத்தைக் கண்ணின் மேல் வையுங்கள். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கியிருப்பதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் 1/500 வினாடி. துள்ளிக்கொண்டே இருக்கும் கதிர்க்குருவிக்கு 1/1000. ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை அதற்கேற்ப 1600, 3200 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். படத்தில் புள்ளி தட்டினால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். பறவை கலங்கலாக விழுந்தால் சரிசெய்ய வழியில்லை. வானத்தைப் பின்னணியாகக் கொண்ட உச்சிக் கிளையில் மாங்குயில் உட்கார்ந்தால் ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள். இல்லாவிட்டால் மஞ்சள் பறவை கறுப்பாக விழும். ஷட்டர் சத்தம் வராத வசதி கேமராவில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

மழைக்கால ஈரம் லென்ஸுக்கு எதிரி. மூடியிறுக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், பூஞ்சை பிடிக்காது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும். பையோடு அரை மணி நேரம் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

மூன்று பறவைகள், மூன்று விதம்

பழகுவதற்கு ஏற்றது ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான். சாம்பல் கலந்த பழுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மாமரத்தின் நடு உயரத்தில், இலையில்லாத ஒரு குச்சியில் அமைதியாக உட்காரும். பூச்சியைக் கண்டால் பாய்ந்து பிடித்துவிட்டு அதே குச்சிக்கு, இல்லாவிட்டால் அடுத்த குச்சிக்கு வரும். பறந்ததும் லென்ஸால் துரத்தாதீர்கள். குவியத்தைக் குச்சியிலேயே வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

அரசவால் ஈப்பிடிப்பானுக்குத் தண்ணீர்த் தட்டுதான் இடம். மாலை ஐந்தை ஒட்டி வரும். முதலில் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். பிறகு ஒரே பாய்ச்சலாக நீரின் மேல் விழுந்து நனைந்து, நின்றுகொண்டிராமல் கிளைக்கே ஏறிவிடும். உடனே மறுபடி ஒரு பாய்ச்சல். இப்படிச் சில முறை நனைந்த பின் கிளையில் உட்கார்ந்து நெடுநேரம் சிறகு கோதும். நீரில் விழும் கணத்தை எடுக்க ஆசைப்பட்டால் நீர்த்துளி மட்டுமே மிஞ்சும். கிளைக்குக் குவியத்தை வைத்துவிட்டு, கோதும் நேரத்துக்குக் காத்திருங்கள். வளர்ந்த ஆண் வெள்ளையாக, ரிப்பன் வாலோடு வரும். பெண்ணும் இளம் ஆணும் செம்பழுப்பு. வெள்ளை ஆணுக்கு ஒளியளவை முக்கால் படி குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகின் நுணுக்கம் எல்லாம் வெளுத்துவிடும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து வாலுக்குக் கீழே இடம் விடுங்கள்.

ஆறுமணிக்குருவிக்குப் பொறுமை அதிகம் வேண்டும். விடியும்போதும் அடையும்போதும் இரண்டு சுரமாகச் சீழ்க்கையடிக்கும். ஒவ்வொரு முறையும் தலையைப் பின்னுக்குச் சாய்த்துத்தான் குரல் கொடுக்கும். அந்த நேரத்தில் படத்துக்கு வெளிச்சம் போதாது. குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழரை மணிக்கு மேல் அதே பக்கத்தில் சருகுக்குள் அதைப் பார்க்கலாம். இதை ஜன்னலிலிருந்து எடுத்தால் மேலிருந்து முதுகு மட்டும் விழும். நான் பலா மரத்துக்கு இந்தப் பக்கம் பாயை விரித்து, தரையில் கிடந்து, நெற்பையின் மேல் லென்ஸை வைக்கிறேன்.

அது நடக்காது, குதிக்கும். மூன்று குதி, ஒரு நிற்றல். நிற்கும்போது அலகால் ஒரு சருகைப் புரட்டிப் போடும், தலையைச் சாய்த்துக் கீழே பார்க்கும், குட்டை வால் மெல்ல ஏறி இறங்கும். அந்த நிற்றல்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். நிழல் அடர்த்தியாக இருப்பதால் ஷட்டரை 1/160 வரை இறக்கி, ஐஎஸ்ஓ 3200 வைத்து, அது நின்றதும் ஐந்தாறு படங்களைத் தொடர்ந்து எடுங்கள். ஒன்றாவது அசையாமல் விழும். அந்தக் கோணத்தில்தான் எல்லா நிறமும் தெரியும். பச்சை முதுகு, தோளில் நீலத் திட்டு, கண்ணில் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெளிறிய புருவம், வெள்ளைத் தொண்டை, மஞ்சள் கலந்த பழுப்பு மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு. உங்களை நோக்கிக் குதித்து வந்தால் கண் இமைக்காமல் கிடங்கள். அதுவாக விலகிப் போகும் வரை எழுந்திருக்க வேண்டாம்.

அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். தன் இடத்துக்குள் வேற்றுப் பறவை நுழைந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்க வந்த பறவையிடம் அந்த நேரத்தைப் பறிப்பது சரியில்லை. ஃபிளாஷும் வேண்டாம்.

எடுத்ததைப் பயனுள்ளதாக்குவது

தேதி, நேரம், இடம் இல்லாத படம் பாதிப் படம். பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் இருந்து, பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு இணையதளத்தில் பதிய வேண்டும்; வீட்டுக் கொல்லையும் ஓர் இடம்தான். பொங்கல் பானை இறங்கியதும் எங்கள் வீட்டில் எல்லோரும் கிணற்றடியில் உட்கார்ந்துவிடுவோம். மாமனார் பனை உச்சியையும் கம்பிகளையும் பார்ப்பார், தகைவிலானும் பஞ்சுருட்டானும் அவர் பொறுப்பு. மகள் எழுதுவாள். சந்தேகமான பறவைக்கு நான் எடுத்த படத்தைப் பட்டியலோடு சேர்த்துவிடுவோம். மங்கலான படமானாலும் இறகின் பட்டையும் அலகின் நிறமும் தெரிந்தால் அனுபவசாலிகள் இனத்தைச் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட படங்களை அழிக்காதீர்கள்.

படத்தைத் திருத்துவதில் என் எல்லை சிறியது: ஓரத்தை வெட்டுவேன், ஒளியைச் சமன் செய்வேன். கிளையை அழிப்பதோ நிறத்தை ஏற்றுவதோ இல்லை. பழுப்பு நிறக் கதிர்க்குருவிக்கு வண்ணம் ஏற்றினால் அடுத்த ஆண்டு அதை அடையாளம் காண அந்தப் படம் உதவாது.

முதல் வருகையை எழுதுவதுபோலக் கடைசிப் பார்வையையும் எழுதுங்கள். வருவது சத்தத்தோடு தெரியும், போவது தெரியாது. ஆகவே மார்ச் பாதியிலிருந்து ஒவ்வொரு பறவைக்கும் பார்த்த தேதியைத் தினமும் குறித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியாக எழுதிய தேதியே அது புறப்பட்ட நாளுக்கு நெருங்கிய தேதி. கீச்சானும் நாணல் கதிர்க்குருவியும் ஏப்ரலிலும் இருக்கும். ஆறுமணிக்குருவி புறப்படும் முன் ஓயாமல் குரல் கொடுக்கும். சித்திரை பிறந்து அவை போனபின் நட்ட கொம்பைப் பிடுங்கலாம், மூலையைக் கூட்டலாம். தண்ணீர்த் தட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் தவிட்டுக்குருவியும் தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் அதைத் தேடி வரும். அப்போது ஒரு நாளைக்கு இரண்டு முறை நிரப்ப வேண்டியிருக்கும்.